எந்த ராத்திரிக்கு எந்தக் கதை?

பங்குனி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரத்துத் தேநீர்க் கடைச் சுவர்களிலும் பேருந்து நிழற்குடைகளிலும் ஒரு வகை நோட்டீஸ் தென்படத் தொடங்கும். தலைப்பில் ‘அக்னி வசந்த மகாபாரதப் பெருவிழா’ என்று இருக்கும். கீழே கட்டம் போட்டுத் தேதி, கிழமை, பிற்பகல் சொற்பொழிவின் தலைப்பு, இரவு நாடகத்தின் பெயர், அந்த நாளின் உபயதாரர். வெளியூர்க்காரர் இதை ஒரு கோயில் அழைப்பிதழ் என்று எண்ணிக் கடந்து போவார். உள்ளூர்க்காரர் விரலை வைத்து வரிவரியாகப் படிப்பார். வில் வளைப்பு என்றைக்கு, பகடை துகில் எந்தக் கிழமையில், அர்ஜுனன் தபசு வேலை நாளில் விழுகிறதா, கர்ண மோட்சம் சேர்த்திருக்கிறார்களா, விட்டுவிட்டார்களா?

படிப்பதற்குக் காரணம் பக்தி மட்டும் அல்ல. கூத்து இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிப் பொழுது விடியும்வரை நடக்கும். கோர்வைப் பட்டு நெய்பவர் தனியாள் இல்லை. கரைப்பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். ஒருவர் இரவு முழுக்கக் கண் விழித்தால் மறுநாள் இரண்டு பேருடைய வேலை படுக்கும். பத்து இரவையும் பார்க்க யாராலும் முடியாது. எதைப் பார்ப்பது, எதை விடுவது, நடுவில் நுழைந்தால் கதை புரியுமா என்பதெல்லாம் இங்கே கூலிக் கணக்கோடு சேர்ந்த கேள்விகள்.

இணையத்தில் லட்சக்கணக்கானோர் கூடி ஆடும் மாயலோக விளையாட்டுகளில் இன்றைய பிள்ளைகள் கேட்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். 2014 ஏப்ரலில் வெளியான ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ முதலில் ஆட்டக்காரரின் பலம் ஏற ஏறத்தான் அடுத்த நிலப்பகுதிக்கு வழி விட்டது. 2016 அக்டோபரில் ‘ஒன் டாம்ரியல்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்பின் எவரும் எங்கேயும் நுழையலாம். 2017-ல் ‘மாரோவிண்ட்’, 2018-ல் ‘சம்மர்செட்’, 2019-ல் ‘எல்ஸ்வேர்’ என்று ஆண்டுக்கொரு புதுக்கதையும் வந்து சேர்ந்தது. சுதந்திரத்தோடு குழப்பமும் வந்தது. புதிதாக நுழைந்தவரிடம், முன்பின் பார்த்திராத ஒருவர் பழைய சிநேகிதர்போல வந்து பேசுவார். கதை நடந்த வரிசையில் ஆடுவதா, வெளியான வரிசையில் ஆடுவதா என்று ஆட்டக்காரர்கள் இன்றும் முட்டிக்கொள்கிறார்கள்.

பாலாற்றங்கரைக்காரர்கள் இந்த வழக்கை வெகு காலத்துக்கு முன்பே எடுத்துத் தங்களுக்கு ஏற்ற தீர்ப்பையும் எழுதிவிட்டார்கள்.

செவிலிமேடு காஞ்சி நகரத்தின் தென்கோடி. தறிச் சத்தமும் கோயில் மணியும் கலந்து கேட்கும் இந்த ஊர், பேரூராட்சியாக இருந்து பின்னர் நகரத்தோடு இணைந்தது. வைணவர்களுக்கு இது ராமாநுஜரின் சாலைக் கிணறு இருக்கும் ஊர். விந்தியக் காட்டில் வழி தவறியவரை வேடனும் வேடுவச்சியுமாக வந்த பெருமாளும் தாயாரும் ஓர் இரவுக்குள் இங்கே கொண்டுவந்து விட்டார்கள் என்றும், அதன் பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீரை அவர் நாள்தோறும் காஞ்சி வரதராஜருக்குச் சுமந்தார் என்றும் குருபரம்பரைக் கதை சொல்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு அய்யங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குப் புறப்படும் வரதரும் இந்த வழியாகத்தான் போவார். செவிலிமேட்டில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் புஞ்சரசன்தாங்கல், தூசி என்று ஊர்கள் வரிசையாக வரும். வடகரையில் வரதர் உற்சவம் என்றால் தென்கரையில் திரௌபதி அம்மன் உற்சவம். கூத்து நாடு இங்கிருந்து தொடங்குகிறது.

ஊர் செலவில் பாரதம் சொல்வது இந்த மண்ணில் எவ்வளவு பழைய வழக்கம் என்பதற்குச் செப்பேட்டுச் சாட்சியே உண்டு. காஞ்சிக்குப் பக்கத்தில் கூரம் என்ற ஊர் இருக்கிறது. கூரத்தாழ்வானின் ஊர். 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவன் அங்கே ஒரு சிவன் கோயிலுக்கு வேறோர் ஊரை விட்டு, அதை 25 பங்காகப் பிரித்தான். இருபது பங்கு நான்மறையாளருக்கு, மூன்று பங்கு கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும், ஒரு பங்கு மண்டபத்தில் தண்ணீரும் தீயும் வைப்பவருக்கு. மிச்சமிருந்த ஒரு பங்கு அதே மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு. தண்ணீர்க்காரருக்கும் பாரதக்காரருக்கும் ஒரே கூலி! கதை சொல்வதைத் தாகத்துக்குத் தண்ணீர் வைப்பதற்கு இணையான ஊர்ச் சேவையாகவே அரசன் கணக்கிட்டிருக்கிறான் என்று இதை வாசிக்கலாம்.

வாசித்தவர் எந்த வரிசையில் வாசித்தார் என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. அடுத்து வந்த தமிழ்ப் பாரதங்களோ ஒன்றுக்கொன்று வெவ்வேறு இடத்தில் தொடங்கி வெவ்வேறு இடத்தில் நிற்கின்றன. வந்தவாசிப் பக்கத்துத் தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். உரைநடையும் வெண்பாவும் கலந்த அந்த நூலில் உத்தியோக, வீட்டும, துரோண பருவப் பகுதிகள்தான் நம் கைக்கு வந்திருக்கின்றன. ஆக, தமிழில் எஞ்சிய பழைய பாரதம் போர் முழக்கத்தோடு தொடங்கிப் பாதியில் நிற்கிறது. 1400-ஐ ஒட்டிய வில்லிபுத்தூராரின் பாரதம் பத்தே பருவத்தில், 4,300-க்கு மேற்பட்ட பாடல்களில் முடிகிறது. வியாசரின் பதினெட்டுப் பருவத்தில் பின்பகுதி முழுவதையும் அவர் தொடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை வந்து, வில்லியின் பாடல்களையும் உள்ளடக்கி ஏறக்குறைய 14,000 பாடல்களில் பதினெட்டுப் பருவத்தையும் நிரப்பினார்.

முழுமையான நூல் கைக்கு வந்த பிறகும் மக்கள் வில்லியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். போர் முடிந்து தருமர் முடி சூடுவதோடு கதையைக் கட்டிவிடலாம் என்ற வசதி அதில் இருந்தது. யாதவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு அழிவதையும், பாண்டவர் ஒவ்வொருவராக வழியில் விழுவதையும் எந்த ஊர் தன் செலவில் பார்க்க விரும்பும்?

விழாவில் கதை இரண்டு தண்டவாளத்தில் ஓடும். பிற்பகலில் பந்தலில் பிரசங்கம். ஹார்மோனியமும் மிருதங்கமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வில்லியின் பாட்டை ராகத்தில் இழுத்துப் பாடி, பொருள் சொல்லி, நடுநடுவே ஊர்வம்பு சேர்த்து நகர்த்துவார் பிரசங்கியார். சில ஊர்களில் அவரைப் பாரதியார் என்றும் சொல்வார்கள். கொடியேற்றத்தன்று தொடங்கும் அவருடைய பாரதம் ஒரு நாளும் பின்னால் போகாது. சந்தனு, பீஷ்மர், பிள்ளைகள் பிறப்பு, அரக்கு மாளிகை என்று வரிசை தவறாமல் வரும்.

இரவுக் கூத்து அப்படியில்லை. பல ஊர்களில் அது விழாவின் பாதியில்தான் வந்து சேரும், தனக்கு வேண்டிய இடங்களில் மட்டும் கால் வைக்கும். பீஷ்மர் சபதமும் அரக்கு மாளிகையும் பெரும்பாலும் கூத்துக்கு வராது. முதல் இரவு வில் வளைப்பு, அதாவது திரௌபதி கல்யாணம். பிறகு சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ஜுனன் தபசு, விராட பருவம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். ஊரின் வசதிக்கேற்ப நடுவில் சில இரவுகள் கூடும், குறையும்.

இந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தால், இது பாண்டவர் கதையாக அடுக்கப்படவில்லை என்பது தெரியும். திரௌபதி மணமாகி வரும் இரவில் தொடங்கி, கூந்தல் அவிழும் இரவைக் கடந்து, அவள் கூந்தலை முடிக்கும் காலையில் நிற்கிறது. அம்மன் கோயில் விழாவில் அம்மனின் வாழ்க்கைதானே வரிசையைத் தீர்மானிக்க வேண்டும்? கல்யாணம், துகில், துரியோதனன் விழும் படுகளம் ஆகிய மூன்றும் அசையாத தூண்கள். மற்றதெல்லாம் பணத்துக்கும் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், பலத்துக்கும் ஏற்ப நீளும், சுருங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைடல் செஞ்சி வட்டாரத்தில் அலைந்து 1988-லும் 1991-லும் வெளியிட்ட இரண்டு பெரிய தொகுதிகளும், 1990-ல் ரிச்சர்ட் ஃப்ராஸ்கா தெருக்கூத்தைப் பற்றி எழுதிய நூலும் கூத்தும் சடங்கும் பிணைந்து நடப்பதை விரிவாகக் காட்டுகின்றன. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரிதான் திரௌபதியின் முதல் கோயில் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை.

பகடை துகிலன்று பந்தலில் கூட்டம் நெருக்கும், ஆனால் சத்தம் குறைவாக இருக்கும். துச்சாதனன் வேஷக்காரர் திரௌபதியின் புடவை மேல் கை வைக்கும் கட்டத்தில் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். சற்றுமுன்வரை மீசையை முறுக்கி உறுமிக்கொண்டிருந்த ஆள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக் கும்பிடுவார். அதன் பிறகுதான் கதை நகரும். திரௌபதி வேஷத்தில் இருப்பவர் ஆண்தான் என்பது அங்கிருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. இந்த இரவை விழாவின் முதல் நாளில் வைக்க எந்த ஊரும் துணியாது. கல்யாணத்தைப் பார்க்காமல் இதைப் பார்ப்பது தகாது என்பது பெரியவர்கள் எண்ணம்.

அடுத்தது தபசு மரம். நெடுமரம் ஒன்றை நட்டு, ஏறுவதற்குப் படிபோலக் கட்டைகள் அடித்து, உச்சியில் ஒரு சிறு பரண் கட்டுவார்கள். அர்ஜுனன் வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். பாசுபதாஸ்திரம் வேண்டித்தான் அர்ஜுனன் தவம் செய்கிறான். கீழே ஈரப் புடவையோடு காத்திருக்கும் பெண்கள் வேண்டுவது பிள்ளை வரம். மேலிருந்து அவர் எறியும் எலுமிச்சம்பழமும் பூவும் மடியில் விழுந்தால் போதும். கதையின் நோக்கம் ஒன்று, ஊரின் நோக்கம் வேறொன்று. இரண்டும் ஒரே மரத்தில் ஏறுகின்றன. கதை வரிசையில் வனவாசத்து நடுவில் ஒரு கிளைக் கதைதான் இது. விழாவிலோ தீமிதிக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேரும் நாள். பணம் போதாமல் இரவுகளைக் குறைக்கும் ஊர்களும் தபசை விடத் தயங்குவதன் காரணம் இந்த மடிகள்தான்.

விராட பருவத்துக்கும் ஓர் ஊர்த் தேவை உண்டு. அதைப் படித்தால் மழை வரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கன்னட நாட்டிலும் பரவலாக இருக்கிறது. ஏரி வற்றிய ஆண்டில், விழாவே இல்லாமல் விராட பருவத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்வார்கள். மழை கேட்கப் போகிறவர்கள் முன்கதை கேட்டுக்கொண்டு நிற்பார்களா?

வரிசைச் சிக்கலில் மிகவும் சுவையானது அரவான் கதை. வியாச பாரதத்தில் அர்ஜுனன் மகன் இராவான் எட்டாம் நாள் போரில் சாகிறான். தமிழ்நாட்டில் அவன் போருக்கு முந்தைய அமாவாசையில் களப்பலியாகிறான். நமக்குக் கிடைத்த நூல்களில் பெருந்தேவனாரிடமே இந்தக் களப்பலி வந்துவிட்டது. ஒருவன் இரண்டு முறை சாவது எப்படி? வில்லியார் இரண்டையும் விடவில்லை: பலி கொடுத்தவன் கண்ணனிடம் வரம் வாங்கி உயிர் தரித்து, எட்டாம் நாள் களத்தில் மறுபடி விழுகிறான். மக்கள் அதோடும் நிற்கவில்லை. வெட்டுண்ட தலை பதினெட்டு நாள் போரையும் கண் மூடாமல் பார்த்ததாக நம்புகிறார்கள். கூவாகத்தில் திருநங்கையர் தாலி கட்டித் தாலி அறுப்பது இந்த அரவானுக்குத்தான். வெவ்வேறு காலத்தில் சேர்ந்த மூன்று கதைகள், ஒன்றை ஒன்று தள்ளாமல் ஒரே வரிசையில் இருக்கின்றன. விளையாட்டு நிறுவனங்கள் கதை எழுதுவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கின்றன. ஒட்டுவேலையில் இவ்வளவு நேர்த்தி அவர்களுக்கும் வாய்ப்பது அரிது.

பெருங்கதையை நகர்த்தாத சிறுகதைகளும் கூத்தில் ஏராளம். அல்லி அரசாணி, பவளக்கொடி, புலந்திரன் களவு எல்லாம் வியாசரிடமும் இல்லை, வில்லியிடமும் இல்லை. புகழேந்தியின் பெயரில் அம்மானையாகவும் மாலையாகவும் புழங்கிய கதைகள் அவை. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் மலிவு விலையில் அச்சிட்ட நாடகப் புத்தகங்கள் வழியாகக் கூத்துக் கதைகள் ஜமாக்களுக்கு அச்சிலும் கிடைத்தன. மதுரையை ஆளும் அல்லியிடம் அர்ஜுனன் பாம்பாக நுழைவது எந்த ஆண்டில், எந்தப் பருவத்தில் என்று யாராவது கேட்டால், தீர்த்த யாத்திரையில் என்று சொல்லிவிடலாம். அந்த யாத்திரை எத்தனை கல்யாணத்தையும் தாங்கும். ‘போர்மன்னன் சண்டை’ இன்னும் வேடிக்கை: சிவானந்தபுரிக் கோட்டைக்குள் நுழைய அர்ஜுனன் பெண் வேடம் போட்டுக்கொண்டு போகிறான். அங்கே தோற்கும் போர்மன்னன், அதாவது போத்துராஜாதான், இன்றைக்கும் திரௌபதி கோயில் வாசலில் காவல் நிற்கிறார். அவரோடு சில கோயில்களில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் காவலரும் உண்டு.

விழாவிலிருந்து கழன்று தனி வாழ்க்கை நடத்தும் கதை ஒன்று இருக்கிறது என்றால் அது கர்ண மோட்சம். துக்க வீட்டில் கருமாதியை ஒட்டி ஓர் இரவுக் கூத்து வைக்கும் வழக்கம் இந்த வட்டாரத்தில் உண்டு, அப்போது ஜமாவிடம் கேட்பது இந்தக் கதையைத்தான். கர்ணன் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்த்துவிட்டுச் செத்து மோட்சம் போகிறான். செத்தவருக்கும் அந்த வழி கிடைக்கட்டும் என்பது வேண்டுதல். போருக்குப் போகும் முன் மனைவி பொன்னுருவியிடம் அவன் விடைபெறும் கட்டம் நீண்டுகொண்டே போகும். குலம் தெரியாதவன் என்று அவனை ஒதுக்கி வைத்தவள் அவள். இந்தப் பொன்னுருவியும் தமிழ்நாட்டுச் சரக்குதான். பதினேழாம் நாளின் கதை, முன்னும் பின்னும் இல்லாமல், யார் வீட்டு வாசலிலும் ஆடும் அளவுக்கு முழுமை பெற்றுவிட்டது.

நடுவில் வந்து உட்கார்ந்தால் கதை புரியுமா என்பதற்குக் கூத்தின் அமைப்பிலேயே பதில் இருக்கிறது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். திரைக்குப் பின்னாலிருந்து வேஷக்காரர் முதலில் குரலை மட்டும் அனுப்புவார், அப்புறம் கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கை கேட்கும். திரை விலகி அவர் சுழன்று ஆடி முடித்ததும் கட்டியங்காரன் குறுக்கே வந்து விசாரணையைத் தொடங்குவான். நீர் யார், எந்த நாடு, யாருடைய பிள்ளை, இங்கே எதற்கு வந்தீர்? சபையே எழுந்து நிற்கும் துரியோதன மகாராசாவும் இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். பதில் சொல்லும் சாக்கில் முன்கதை முழுவதும் பாட்டாகவும் வசனமாகவும் வந்துவிடும். போதாத இடத்தில் கட்டியங்காரன் கேலி பண்ணி விளக்குவான். நள்ளிரவில் பக்கத்து ஊரிலிருந்து நடந்து வந்தவரும் அரை மணியில் கதைக்குள் போய்விடலாம். ஒவ்வொரு இரவும் ஒரு வாசல். 2016-ல் விளையாட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டபோது அவர்களிடம் இல்லாமல் போனது இந்தக் கட்டியங்காரன்தான்.

கடைசி இரவுக்கு மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது. பதினெட்டாம் போரில் துரியோதனன் சேனை இழந்து, தம்பிகளை இழந்து, தனியாளாக வருகிறான். பந்தலில் ஆட்டம் முடியாமலே பொழுது விடியும். வேஷத்தைக் கலைக்காமல் பீமனும் துரியோதனனும் ஊர்ப் பொதுவெளிக்குப் போவார்கள். அங்கே களிமண்ணில் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான், ஆள் ஏறி நடக்கும் அளவுக்குப் பெரியவன். இரவு முழுக்க ஆடிய களைப்போடு இரண்டு வேஷக்காரர்களும் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். உள்ளே வைத்த செந்நீர் வழியும். அம்மனின் கூந்தல் முடிக்கப்படும். காந்தாரி வந்து ஒப்பாரி வைப்பாள். மாலையில் தீமிதி, அதன் பிறகு தருமர் பட்டாபிஷேகம். பகடை துகிலைப் பார்க்காதவருக்கு இது ஒரு பெரிய மண்பொம்மையை அடிக்கும் வேடிக்கையாகத்தான் தெரியும்.

இந்த வரிசையைக் கூத்துக்காரர்கள் ஏட்டில் வைத்துக் காப்பாற்றவில்லை, உடம்பில் வைத்துக் காப்பாற்றினார்கள். செய்யாற்றுப் பக்கம் புரிசையில் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாக இதே தொழில். நடேசத் தம்பிரானையும் கண்ணப்பத் தம்பிரானையும் பார்த்து வியந்த எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். ‘அன்று பூட்டிய வண்டி’ என்ற அவருடைய புத்தகம் கூத்தைப் பற்றியது. அந்தத் தலைமுறை நகரவாசிகள் கூத்தை ஓர் இரவு நாடகமாகத்தான் சந்தித்தார்கள். பத்து இரவுத் தொடராகச் சந்தித்தவர் குறைவு. நகர மேடையில் கூத்து ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியதற்கு இந்த முதல் அறிமுகமும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

உலக மேடையிலும் இதே பேச்சு நடந்திருக்கிறது. 1985-ல் பிரான்சின் அவின்யோன் விழாவில் பீட்டர் புரூக் ஒன்பது மணி நேர மகாபாரதம் போட்டார். சூதாட்டம், வனவாசம், போர் என்று மூன்று பங்கு. மூன்று இரவாகவும் பார்க்கலாம், ஒரே மூச்சில் விடிய விடியவும் பார்க்கலாம். 1988 அக்டோபரில் தூர்தர்ஷனில் தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் தொடர் 94 ஞாயிறு நிகழ்ச்சிகளாக ஓடி 1990 ஜூனில் முடிந்தது. அதில் தேர்வுக்கே இடமில்லை. நாடு முழுக்க ஒரே வரிசையில், ஒரே நேரத்தில் பார்த்தது. தொடர் முடிந்த அதே 1990-ல்தான் பெருங்கட்டூர் பி. ராஜகோபால் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார். பத்து வயதில் பள்ளியை விட்டுத் தந்தை பொன்னுசாமியின் ஜமாவில் சேர்ந்தவர் அவர். ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூனும் அவரும் 2002-ல் புஞ்சரசன்தாங்கலில், செவிலிமேட்டுப் பாலத்துக்கு அப்பால், கூத்தும் பள்ளிப் பாடமும் சேர்த்துக் கற்பிக்கும் குருகுலத்தைத் தொடங்கினார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஏறியது அங்கேதான். கர்நாடக இசைக் கலைஞர்கள் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோரோடு சேர்ந்து கச்சேரியையும் கூத்தையும் ஒரே மேடையில் வைத்துப் பார்த்ததும் இவர்கள்தான். குருகுலம் 2020-ல் மூடப்பட்டது.

கடல் கடந்த இடங்களில் வரிசை வேறு வேறு விதமாகத் தேய்ந்திருக்கிறது. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீபாவளிக்கு முன்னால் தீமிதி வரும். திரௌபதி கல்யாணம், அர்ஜுனன் தபசு, அரவான் களப்பலி எல்லாம் அதற்கு முன்பே ஒவ்வொன்றாகச் சடங்குகளாக நடந்து முடியும். கூத்து இரவுகள் இல்லை, ஆனால் அடுக்கு அப்படியே இருக்கிறது. இலங்கையின் கிழக்கே பாண்டிருப்பில் பதினெட்டு நாள் விழா. அங்கே வனவாசம் ஊரைச் சுற்றும் ஊர்வலமாகிறது. ரீயூனியன் தீவில் ‘பால் தமூல்’ என்ற பெயரில் இரவுக் கூத்தும் பிழைத்துக் கிடந்தது.

புதிதாகப் பார்க்க விரும்புபவருக்கு ஓர் இரவுதான் முடியும் என்றால், எல்லோரும் கர்ண மோட்சத்தைச் சொல்வார்கள். தனித்து நிற்கும் கதை, அழ வைக்கும், தெரிந்த முகங்கள். அந்த யோசனை சரியானதுதான், ஆனால் அதோடு நின்றால் ஒரு நல்ல நாடகம் பார்த்த கணக்கில் முடிந்துவிடும். இரண்டு இரவு கண் விழிக்கத் தெம்பிருந்தால் பகடை துகிலும் பதினெட்டாம் போரும். நடுவில் எத்தனை நாள் விட்டாலும் பரவாயில்லை, இந்த இரண்டையும் முன்பின் மாற்றிப் பார்ப்பதில் மட்டும் பயனில்லை. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க முடிந்தால் தபசு. மரம் ஏறுவதைப் பகலில் வைத்திருக்கும் ஊராகப் பார்த்துப் போனால் தூக்கமும் கெடாது. அல்லியும் பவளக்கொடியும் கூத்து ருசி பிடித்த பிறகு, அடுத்த வருஷத்துக்கு.

நோட்டீஸைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். படுகளம் எந்தத் தேதி என்று போட்டிருக்கிறதோ, பதினெட்டாம் போர் அதற்கு முந்தின இரவு. காலையில் வந்தால் போதும் என்று நினைப்பவர்கள் பாதிக் கதையைத் தவறவிட்டுவிட்டு, பிரசாதத்துக்கு மட்டும் சரியான நேரத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஆடி முடிவதற்குள் இந்த வட்டாரத்தில் எங்காவது ஓர் ஊரில் இன்னொரு கொடி ஏறும். இங்கே விட்ட இரவை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.